ஆள் வரட்டும்

அவர் சொல்ல வந்த வார்த்தையை நீங்கள் சொல்லிவிட்டால் அது செல்லாது. சரியாகவே சொல்லியிருந்தாலும் செல்லாது. உள்ளங்கையைச் சற்று உயர்த்தி உங்களை நிறுத்துவார். அந்த வார்த்தை அவர் வாயிலிருந்து வரும்வரை நீங்களும் நிற்கவேண்டும், அவரும் நிற்பார். பின்னால் வரிசை சேர்ந்தாலும் சரி, லிஃப்ட் எங்களை விட்டுவிட்டுப் போனாலும் சரி, அதைப் பற்றி அவருக்குக் கவலை கிடையாது.

அவருக்குத் திக்கும். அதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். திக்குகிறவர்கள் பேச்சை எழுதும்போது எழுத்துக்கு எழுத்து புள்ளி வைத்து இழுத்துக் காட்டுவார்கள். எனக்கு அது பிடிக்காது. படிக்கிறவருக்குச் சிரிப்பு வரும், எழுதுகிறவருக்குச் சாமர்த்தியம் என்று பேர் வரும், பேசினவருக்கு என்ன வரும்? அதனால் அவர் சொன்னதை நான் முழுதாகவே எழுதப்போகிறேன். அது வருவதற்கு ஆன நேரத்தை நீங்களே சேர்த்துக்கொள்ளுங்கள். சில வார்த்தைக்கு ஒரு மூச்சு போதும். சில வார்த்தைக்குக் கையிலிருக்கும் டீ ஆறிவிடும்.

தெலுங்கு பேசும் ஊர் ஒன்றில், மாதாப்பூர்ப் பகுதியில், கண்ணாடி போட்ட பெரிய கட்டடம் ஒன்றில் நாங்கள் வேலை பார்த்தோம். நான் திருநெல்வேலிக்காரி. எங்கள் வீட்டில் ஒருத்தர் பேசி முடிக்கும்வரை இன்னொருத்தர் காத்திருந்ததாகச் சரித்திரமே கிடையாது. நாலு பேர் ஒரே நேரத்தில் பேசுவோம், நாலு பேருக்கும் நாலு பேச்சும் விளங்கும். அப்படிப்பட்ட என்னைக் கொண்டுபோய் அவருக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார வைத்தார்கள். முதல் வாரம் எனக்குப் பைத்தியம் பிடிக்காத குறை.

"ஏன் அண்ணாச்சி இப்படிப் போட்டு உயிர வாங்குதிய? நான்தான் சொல்லிட்டேம்லா, அதத்தானே நீங்களும் சொல்ல வந்திய?" என்று ஒருநாள் கேட்டேவிட்டேன்.

அவர் கோபப்படவில்லை. நான் எடுத்துச் சொன்ன அதே வாக்கியத்தை ஆரம்பத்திலிருந்து தானே ஒருமுறை சொல்லி முடித்தார். பிறகு, "அண்ணாச்சின்னா மளிகைக் கடைக்காரர் இல்லையா?" என்று கேட்டார். எங்கள் ஊரில் அண்ணனையும் அப்படித்தான் கூப்பிடுவோம் என்றேன். "ஹவ், அப்ப சரி" என்றார். அன்றிலிருந்து எனக்கு அவர் அண்ணாச்சி. ஆபீசில் மற்றவர்களுக்குத் தெலுங்கில் 'அன்னா'.

அவர் அந்த ஊரிலேயே, மௌலா அலிப் பக்கம் பிறந்து வளர்ந்தவர். அப்பா மத்திய அரசு ஆலை ஒன்றில் வேலை பார்த்துக் காலமானவர். அம்மாவும் இவரும்தான் வீட்டில். பூர்வீகம் வேலூர் என்பதால் வேலூர்ப் பக்கத்துத் தமிழ். அதற்கு நடுவில் ஆமாம் என்பதற்கு ஹவ், வேண்டாம் என்பதற்கு நக்கோ, எதற்கு என்பதற்குக் கைக்கு என்று உள்ளூர் உருது எல்லாம் இருக்கும். மெலிந்த ஆள், முழுக்கைச் சட்டை, எப்போதும் சட்டைப்பையில் பேனா. எழுதுவதற்காக அல்ல. அதை அப்புறம் சொல்கிறேன்.

ஆபீசுக்குக் கீழே தெரு முனையில் ஓர் இரானி டீக்கடை உண்டு. கல்லாவில் இருந்த பெரியவருக்கு வாடிக்கை புதிதாக இருந்த காலத்தில், இவர் போய் நிற்பார். "க்யா ஹோனா பாய்?" என்று, என்ன வேண்டுமென்று கேட்பார் பெரியவர். இவருக்கு வேண்டியது வெண்ணெய் தடவின பன், அதாவது பன் மஸ்கா. அந்த முதல் எழுத்திலேயே தாடை நின்றுவிடும். பெரியவர் உதவி செய்வதாக நினைத்து, பிஸ்கட்டா, பஃப்பா, பன் மஸ்காவா என்று அடுக்குவார். சரியான பேர் வந்தபோது தலையை ஆட்டிவிட்டுப் போகலாமே, மாட்டார். கையை உயர்த்தி, நின்று, பன் மஸ்கா என்று சொல்லிவிட்டுத்தான் காசு கொடுப்பார். பின்னால் நிற்கிறவன் முணுமுணுப்பான். ஒரு மாதத்தில் பெரியவரே மாறிவிட்டார். இவர் வந்து நின்றால் அவரும் இரண்டு கையையும் மேசையில் ஊன்றிக்கொண்டு பேசாமல் இருப்பார். முணுமுணுக்கிறவனைப் பார்த்து, "ருக்கோ மியா, போல்ரே உனோ" என்று அதட்டுவார். கொஞ்சம் பொறு, அவர் பேசிக்கொண்டிருக்கிறார் என்று அர்த்தம். வாயே அசையாமல் நிற்கிற ஆளைக் காட்டி அவர் அப்படிச் சொல்வது எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

எங்கள் வேலை என்னவென்றால், மருந்துகளைக் குளிர் அறையில் வைத்திருக்கும் கிடங்குகளுக்கு மென்பொருள் செய்வது. அறையில் சூடு ஏறினால் பொறுப்பாளரின் போனுக்கு உடனே செய்தி போகவேண்டும். எழுதுவது நாங்கள். எழுதியது சரியாக ஓடுகிறதா என்று சோதித்து, சரி என்று கடைசியில் ஒப்புதல் கொடுப்பது அவர். வெளிநாட்டில் இருந்த வாடிக்கையாளர் கம்பெனியோடு வாராவாரம் வியாழக்கிழமை சாயங்காலம் இணையத்தில் கூட்டம் நடக்கும். அந்தக் கூட்டத்தில் எங்கள் பக்கத்திலிருந்து பேசுகிற ஆள் அவர்தான். யாரும் தூக்கிக் கொடுக்கவில்லை. முன்பிருந்த இரண்டு மேனேஜர்கள் அவரைப் பேசவிடாமல் அறிக்கை எழுதும் வேலைக்கே ஒதுக்கி வைத்திருந்தார்கள். மூன்றாவதாக வந்த கிரணிடம் தானே போய்க் கேட்டு வாங்கிக்கொண்டார். வீடு வாங்கின மாதிரி அதை வைத்துக்கொண்டிருந்தார். வியாழக்கிழமை என்றால் அவருக்குச் சட்டை இஸ்திரி போட்டதாக இருக்கும், மதியம் சாப்பாடு பாதிதான் இறங்கும்.

கூட்டத்தில் அவருக்குத் தொல்லை கொடுத்த வார்த்தை 'டெம்பரேச்சர்'. எங்கள் வேலையே அதுதான், அந்த வார்த்தை இல்லாமல் ஒரு வாக்கியம் கிடையாது. 'ஹீட்' என்று சொல்லிவிட்டுப் போங்களேன், யாருக்குத் தெரியப்போகிறது என்று குழுவில் ஒருத்தன் யோசனை சொன்னான். திக்குகிறவர்கள் பலபேர் அப்படித்தான் செய்வார்களாம், வராத வார்த்தையைத் தள்ளிவிட்டு வருகிற வார்த்தையில் ஏறிப் போய்விடுவார்களாம். இவர் யோசித்துப் பார்த்துவிட்டு, "ரெண்டும் ஒண்ணு இல்லையே" என்றார். அவ்வளவுதான், யோசனை முடிந்தது.

பேனா விஷயத்துக்கு வருகிறேன். வார்த்தை அடைக்கும்போது அவர் கண் இறுகி, வாய் பாதி திறந்தபடி முகம் அப்படியே நின்றுவிடும், சத்தமே இருக்காது. திரையில் பார்க்கிறவர்களுக்கு இணைப்பு அறுந்து படம் உறைந்துவிட்டதாகத் தோன்றும். "நீங்கள் உறைந்துவிட்டீர்கள், வெளியே போய்த் திரும்ப வாருங்கள்" என்று ஆரம்பத்தில் அடிக்கடி சொல்லியிருக்கிறார்கள். அதற்குத்தான் பேனா. அடைப்பு வந்ததும் அதை எடுத்து முகத்துக்குப் பக்கத்தில் மெதுவாக ஆட்டுவார். இணைப்பு இருக்கிறது, நான்தான் நின்றுகொண்டிருக்கிறேன் என்று அர்த்தம். வாடிக்கையாளர் பக்கத்துத் தலைவி மார்த்தா என்கிற அம்மாள் அதை இரண்டே வாரத்தில் புரிந்துகொண்டார். பேனா ஆடினால் அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பிப்பார். துடைத்து முடிப்பதற்குள் வார்த்தை வந்துவிடும். அந்தக் கூட்டம் அப்படி ஒரு நிதானத்தில் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது.

பிறகு பதிலாள்கள் வந்தார்கள். வந்தார்கள் என்று சொல்வதா, வந்தன என்று சொல்வதா என்று எனக்கு இன்றும் குழப்பம். ஆளுக்குப் பதிலாகப் பேசும் செயற்கை அறிவு மென்பொருள் அது, ஆபீசில் அதற்கு 'அசிஸ்டென்ட்' என்று பேர். முதலில் குறிப்பு எடுப்பதற்கு மட்டும் வந்து, மூலையில் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தன. அப்புறம் பேச ஆரம்பித்தன. நீங்கள் வரவேண்டாம், உங்கள் பேரும் படமும் குரலும் போட்டுக்கொண்டு அது கூட்டத்துக்குப் போய், கேட்டு, பதில் சொல்லி, முடிந்ததும் சுருக்கம் அனுப்பிவிடும். எல்லாருக்கும் ஒரே கொண்டாட்டம். ஒரு வியாழக்கிழமை திரையில் ஏழெட்டுக் கட்டங்கள் இருந்தன, அதில் மூச்சு விடுகிறவர்கள் அவரும் நானும் மட்டும்தான். மற்றதெல்லாம் ஒன்றுக்கொன்று நன்றி சொல்லிக்கொண்டிருந்தன. கல்யாண வீட்டில் சம்பந்திகள் 'நீங்க முதல்ல, நீங்க முதல்ல' என்று வாசலை அடைத்துக்கொண்டு நிற்பார்களே, அந்த மாதிரி.

மார்த்தாவும் வரவில்லை. அவர் படம் வந்தது.

சிரிப்பு அன்றைக்கே தீர்ந்துவிட்டது. அவர் ஒரு பெரிய குறையைக் கண்டுபிடித்து வைத்திருந்தார். கிடங்கில் கரண்ட் போய்த் திரும்பி வந்தால், அதற்குப் பிறகு சூடு ஏறினாலும் செய்தி போவதில்லை. அதைச் சொல்ல ஆரம்பித்தார். கரண்ட் போய் வந்த பிறகு என்பதுவரை வந்தாயிற்று. அடுத்த வார்த்தை டெம்பரேச்சர். அடைத்தது. பேனாவை எடுத்து ஆட்டினார். பதிலாளுக்குப் பேனா எங்கே தெரியும்? அதற்குத் தெரிந்தது மௌனம் மட்டும்தான். மௌனம் கொஞ்சம் நீண்டால் எதிராளி முடித்துவிட்டார் என்று கணக்கு. மார்த்தாவின் குரலில், "மிக நல்ல கருத்து, நன்றி, அடுத்ததற்குப் போகலாம்" என்றது. இவர் திரும்பவும் ஆரம்பித்தார். திரும்பவும் அதே இடத்தில் அதே நன்றி. நான் வாயைத் திறந்தேன். அவர் என்னைப் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டேன். கூட்டம் முடிந்த கையோடு சுருக்கம் வந்து விழுந்தது. இந்தியக் குழுவுக்கு ஆட்சேபணை எதுவுமில்லை, வெளியிடலாம் என்று.

எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. ஒரு மனுஷன் வாயைத் திறந்துகொண்டு நிற்கும்போது அவன் பேசி முடித்துவிட்டான் என்று எவன் கணக்குப் போட்டுக் கொடுத்தான்? அவர்மேலும் கோபம்தான். மருந்து விஷயம், இதில் வீம்பு பார்க்கலாமா, நான் சொல்லியிருந்தால் முடிந்திருக்குமே என்று கத்தினேன். அவர் அசையவில்லை. குறையை எழுத்திலும் அனுப்பியாகிவிட்டது என்றார். அதையும் அங்கே ஒரு பதிலாள் படித்து, 'சிறு குறை, கவனத்தில் கொள்ளப்பட்டது' என்று ஒரு வரியில் மடித்து வைத்திருந்தது வேறு விஷயம்.

"என் ஒப்புதல் இல்லாம ஒண்ணும் வெளிய போகாது. அது என் கையிலதான் இருக்கு. மருந்துக்கு ஒண்ணும் ஆகாது, நீ கைக்கு பயப்படுற?" என்றார்.

கிரணை நான் குறை சொல்ல மாட்டேன், நல்ல மனுஷன்தான். அவரைக் கண்ணாடி அறைக்குக் கூப்பிட்டு, என்னையும் உட்கார வைத்து, ஒரு ஆச்சரியம் காட்டுகிறேன் என்றார். பழைய கூட்டங்களின் ஒலிப்பதிவை எல்லாம் கொடுத்து இவருக்கும் ஒரு பதிலாள் செய்து வைத்திருந்தார். போட்டுக் காட்டினார். அதே குரல், அதே வேலூர்ப் பக்கத்து ஆங்கிலம், ஆனால் ஓர் இடத்தில்கூட நிற்காமல் ஓடியது. உங்கள் குரல்தான் அன்னா, அரிசியில் கல் பொறுக்குகிற மாதிரி பொறுக்கி எடுத்துவிட்டோம் என்று தெலுங்கில் சொன்னபோது கிரணுக்குக் கண் கலங்கியிருந்தது. இனிமேல் வியாழக்கிழமை நீங்கள் சிரமப்பட வேண்டாம் என்றார்.

அவர் முழுவதும் கேட்டார். இன்னொருமுறை போடச் சொன்னார். பிறகு, "நல்லா பேசுறான்" என்றார். தன் போனுக்கு அனுப்பச் சொல்லி வாங்கிக்கொண்டு எழுந்து போய்விட்டார்.

மறுநாள் டீக்கடையில்தான் எனக்குச் சொன்னார். வீட்டுக்குக் கொண்டுபோய் அம்மாவுக்குப் போட்டுக் காட்டினாராம். அந்த அம்மாள் கேட்டுவிட்டுப் போனைத் தன் கையில் வாங்கிக்கொண்டாராம். அப்புறம், "மலைமேல தர்காவுக்கும் போனேன், கீழ அம்மன் கோயிலுக்கும் போனேன். இந்தக் குரலுக்குத்தான்டா போனேன்" என்றாராம். திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டாராம். என் போனில் இதை வைத்துக் கொடு என்று கேட்டாராம்.

"நீங்க என்ன செஞ்சிய அண்ணாச்சி?" என்றேன்.

"வச்சுக் குடுத்துட்டேன். அம்மா வச்சுக்கட்டும். ஆபீசுக்கு நக்கோ."

அதைக் கிரணிடமும் போய்ச் சொன்னார். கிரணுக்கு முகம் சுண்டிவிட்டது. பிள்ளைக்குப் புதுச்சட்டை எடுத்து வந்து அது போட்டுக்கொள்ள மாட்டேன் என்றால் எப்படி இருக்கும், அப்படி. கடைசியில் கறாராகவே பேசினார். வெளியீட்டுத் தேதி நெருங்குகிறது, வாடிக்கையாளர் பக்கம் எல்லாரும் பதிலாள்களுக்கு மாறியாகிவிட்டது, உங்களையும் அவற்றையும் சேர்த்து வைத்தால் வேலை நடக்காது. ஒன்று உங்கள் பதிலாளை அனுப்புங்கள், இல்லையென்றால் கூட்டத்தை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுகிறேன் என்றார். வேறு ஆள் யார் என்றால் நான். எனக்குத்தான் பேச்சு வேகமாக வருமாம். என்னால் முடியாது என்று அந்த இடத்திலேயே சொல்லிவிட்டேன். காரணம் கேட்டார். அது அவருடைய கூட்டம், இதற்குமேல் காரணம் வேண்டுமா என்றேன். என் வாய் எனக்குப் பல இடத்தில் கெடுதல் செய்திருக்கிறது, அன்றைக்குச் செய்யவில்லை.

அந்த வாரக் கூட்ட அழைப்பில் அவர் ஒரு வரி சேர்த்தார். ஆட்கள் நேரில் வரவும் என்று. ஒரு வியாழன் பார்க்கலாம் என்று கிரணும் விட்டுவிட்டார்.

வியாழக்கிழமை வந்தது. கட்டங்கள் வந்தன. வணக்கம் சொன்னன. இவர் திரையைப் பார்த்து ஆங்கிலத்தில் ஒரே வாக்கியம் சொன்னார்: "நான் ஓர் ஆள் வருவதற்காகக் காத்திருக்கிறேன்." அதோடு கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். பதிலாள்களுக்கு மௌனம் தாங்கவில்லை. பேசவேண்டியது வேறு இல்லை போலிருக்கிறது என்றது ஒன்று. ஆமாம், பயனுள்ள கூட்டம் என்றது இன்னொன்று. நன்றி நன்றி என்று ஒவ்வொன்றாக வெளியேறின. எனக்கு வந்த சிரிப்பை வாயைப் பொத்தி அடக்கினேன். கடைசிக் கட்டமும் போன பிறகு திரையில் அவர் முகம் மட்டும் பெரிதாக இருந்தது. கூட்டம் முடிந்ததே, எழுந்திருங்கள் என்றேன். மணி ஆகவில்லை என்றார். குறித்த நேரம் முழுவதும் கேமராவை அணைக்காமல் உட்கார்ந்திருந்தார். கண்ணாடி அறை ஆயிற்றே, போகிறவர் வருகிறவர் எல்லாம் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

அப்போதுதான் பள்ளிக்கூடத்துக் கதையைச் சொன்னார். காலையில் வாத்தியார் பேர் கூப்பிடுவார். 'ப்ரெசென்ட் சார்' என்று சொல்லவேண்டும். இவருக்கு வராது. வாத்தியார் அடுத்த பேருக்குப் போய்விடுவார். பக்கத்தில் உட்காரும் கூட்டாளி பாவம் பார்த்து, இவருக்காக ஒருநாள் குரல் கொடுத்துவிட்டான். இவர் எழுந்து நின்று, நெடுநேரம் மல்லுக்கட்டி, "சார், அது நான் இல்ல" என்றாராம். வகுப்பே சிரித்ததாம். வாத்தியார் வராதவர் கணக்கில் போட்டுவிட்டாராம். கூட்டாளி அதற்குப் பிறகு ஒரு வருடம் பேசவில்லையாம்.

"அவன் நல்லவன். நல்லவங்ககிட்டதான் ரொம்ப கஷ்டம்" என்றார். கிரணைத்தான் சொல்கிறார் என்று தோன்றியது.

அடுத்த வியாழனும் அதே கதைதான். இந்தமுறை கிரண் கதவைத் திறந்துகொண்டு வந்து, யாருமில்லாத கூட்டத்தில் என்ன செய்துகொண்டிருக்கிறீர்கள் என்று கேட்டார். ஆள் வரட்டும் என்று இருக்கிறேன் என்றார் இவர். கிரண் பொறுமை இழந்துவிட்டார். வரும் வியாழனும் இப்படியே போனால் கூட்டம் உங்களுடையது இல்லை, நானே எடுத்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினார். அண்ணாச்சி சரி என்று தலையை ஆட்டினார். அந்த வாரம் முழுவதும் டீக்கடைக்கு வந்தும் பன் மஸ்கா வாங்கவில்லை, டீயை மட்டும் குடித்துவிட்டுப் போனார். பதிலாளை அனுப்பித் தொலையுங்களேன் என்று சொல்ல எனக்கே இரண்டுமுறை நாக்கு நுனிவரை வந்தது. சொல்லவில்லை.

அந்த வியாழக்கிழமை கட்டங்கள் வந்தன. வணக்கம் சொன்னன. இவர் தன் வாக்கியத்தைச் சொல்லிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டார். கிரண் சுவரில் சாய்ந்து நின்று கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். நன்றி சொல்லிச் சொல்லி எல்லாம் வெளியேறின. கொஞ்ச நேரம் கழித்து மார்த்தாவின் பேரில் இன்னொரு கட்டம் திறந்தது. படம் ஆடியது. தலைமுடி கலைந்து, பின்னால் சமையலறை தெரிய, அந்த அம்மாளே வந்திருந்தார். ஒப்புதல் வராமல் வெளியீடு நின்றுபோனதில் அவருக்கு மேலிடத்திலிருந்து கேள்வி வந்திருக்கிறது. கோபமாகத்தான் ஆரம்பித்தார். மூன்று வாரமாக ஏன் ஒரு வார்த்தை பேச மாட்டேன் என்கிறீர்கள் என்றார். ஆளுக்காகக் காத்திருந்தேன் என்று இவர் சொன்னதும் அவர் குழம்பிப்போனார்.

"நான் வரவேண்டாம் என்று உங்கள் பக்கத்திலிருந்துதானே எழுதினார்கள்? மனிதர்கள் பார்த்துக்கொண்டிருந்தால் உங்களுக்குச் சிரமம், பதிலாளை அனுப்பினால் உதவியாக இருக்கும் என்று எழுதியிருந்தார்களே. உங்களுக்காகத்தான் நான் வராமல் இருந்தேன்."

நான் திரும்பிக் கிரணைப் பார்த்தேன். அவர் சுவரை விட்டு நிமிர்ந்து நின்றார். முகத்தில் ரத்தம் இல்லை. எழுதினது அவர்தான். நல்லது நினைத்துத்தான் எழுதியிருக்கிறார். இவரிடம் ஒரு வார்த்தை கேட்கத்தான் தோன்றவில்லை. இத்தனை நாளும் அண்ணாச்சிக்காக இரண்டு கண்டத்தில் எல்லாரும் பெருந்தன்மையாக ஒதுங்கி நின்றிருக்கிறோம், அவரை மட்டும் அந்த இயந்திரங்களோடு விட்டுவிட்டு.

அண்ணாச்சி கிரண் பக்கம் திரும்பவே இல்லை. திரையைத்தான் பார்த்தார்.

"சிரமம்தான்" என்றார் ஆங்கிலத்தில். "இருந்தாலும் நீங்கள் வாருங்கள்."

பிறகு விஷயத்தைச் சொல்ல ஆரம்பித்தார். கரண்ட் போய் வந்த பிறகு என்பதுவரை வந்தார். அடைத்தது. எவ்வளவு நேரம் என்று எனக்குத் தெரியாது, நான் பார்க்கவில்லை. மார்த்தா பேசவில்லை. கிரண் பேசவில்லை. நான், திருநெல்வேலிக்காரி, பேசவில்லை. 'டெம்பரேச்சர்' வந்தது. மீதியும் வந்தது. மார்த்தா இரண்டு கேள்வி கேட்டார், இரண்டுக்கும் பதில் சொன்னார். வெளியீட்டைத் தள்ளிவைக்கிறேன், சரிசெய்துவிட்டுச் சொல்லுங்கள் என்றார் அந்த அம்மாள். அடுத்த வியாழனும் நானே வருகிறேன், உங்களிடமே கேட்டுக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார். கிரண் அவர் தோளைத் தொட்டுவிட்டு வெளியே நடந்தார்.

எனக்குக் குதிக்கவேண்டும் போலிருந்தது. ஜெயிச்சிட்டிய அண்ணாச்சி என்று சொல்லத் திரும்பினேன். அவர் நாற்காலியில் அப்படியே உட்கார்ந்திருந்தார். இஸ்திரி போட்ட சட்டை முதுகோடு ஒட்டி நனைந்திருந்தது. தண்ணீர் பாட்டிலைத் திறந்து கொடுத்தேன். இரண்டு கையாலும் பிடித்துக் குடித்தார்.

"பயமா இருந்துச்சா?" என்றேன்.

"ஹவ். எப்பவும்தான். எல்லா வியாழக்கிழமையும் காலைல எழுந்திருக்கும்போதே பயம்."

இத்தனை நாளாகப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன், இந்த மனுஷனுக்குப் பயமே கிடையாது என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது. "அப்புறம் எதுக்கு அண்ணாச்சி இந்தப் பாடு? அந்தப் பதிலாள அனுப்பிட்டு நிம்மதியா இருந்திருக்கலாம்லா? அதுக்குப் பயமும் கிடையாது, ஒண்ணும் கிடையாது."

அவர் பாட்டிலை மூடினார். வாய் திறந்தது, நின்றது. நான் இருந்தேன்.

"பயப்படுறதுக்கும் நான்தானேம்மா போகணும்" என்றார்.

சொல்லிவிட்டு எழுந்து, அடுத்த வியாழக்கிழமைக்கு அதே அறையைப் பதிவு செய்து வைக்கப் போனார்.